குளிருக்குக் கறி லசானியா: தண்ணீர் விடாமல் வர என்ன செய்யணும்?

பசிமணி:
குளிர் நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஞாயிறு மதியம் எட்டுப் பேர் சாப்பிட வருகிறார்கள், வயிறு நிறைகிற மாதிரி கறி லசானியா (பாஸ்தா ஷீட்டும் சாஸும் மாற்றி மாற்றி அடுக்கி ஓவனில் வேகவைப்பது) செய்யலாமென்று இருக்கிறேன். குறிப்புகளைத் தேடினால் ஒருவர் ரிக்கோட்டா என்ற மென்மையான சீஸ் என்கிறார், இன்னொருவர் பெஷமல் என்ற வெள்ளைப் பால் சாஸ் இல்லாமல் லசானியாவே இல்லை என்கிறார், தலை சுற்றுகிறது. வெட்டி எடுத்தால் அடுக்கு கலையாமல் நிற்க வேண்டும், தட்டில் தண்ணீர் ஓடக் கூடாது, அவ்வளவுதான். முந்தின நாளே அடுக்கி வைக்கலாமா? வேகவைக்காமல் அப்படியே போடும் ஷீட்தான் கையில் இருக்கிறது, அதை நம்பலாமா?

கரண்டிக்காரன்:
ரெண்டும் சரிதான். இத்தாலியின் பொலோன்யாவில் கறி சாஸ், பெஷமல், பார்மேசன் சீஸ், அதோடு கீரை சேர்த்துப் பிசைந்த பச்சை ஷீட். அங்கேயே நேப்பிள்ஸ் பக்கம், தவக்காலத்துக்கு முந்தின கார்னிவல் விழாச் சமயத்தில் செய்வதில் ரிக்கோட்டாவும் குட்டிக் குட்டிக் கறி உருண்டைகளும் போகும். குளிருக்கு என் ஓட்டு பெஷமலுக்கு.

ஆனால் தண்ணீர் விடுவதும் விடாததும் பெரும்பாலும் கறி சாஸில்தான் முடிவாகிறது. வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி வதக்குங்கள். மாட்டுக் கொத்துக்கறி 500 கிராம், பன்றி 250 கிராம் போட்டு, சட்டியில் பரப்பி அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கிளறாமல் விடுங்கள். முதலில் கறி தண்ணீர் விட்டுக் கொதிக்கிற சத்தம் வரும், அது அடங்கி எண்ணெயில் பொரிகிற சத்தம் கேட்டு அடியில் பழுப்பு ஒட்ட ஆரம்பித்த பிறகு ஒரு டம்ளர் ஒயின் ஊற்றிச் சுரண்டி எடுங்கள். அப்புறம் தக்காளி, கடைசியில் கொஞ்சம் பால். பாலா என்று முகம் சுளிக்க வேண்டாம், 1982-ல் இத்தாலியச் சமையல் அகாதமி பொலோன்யா வணிகச் சபையில் பதிவுசெய்த குறிப்பிலேயே பால் உண்டு. சிறு தீயில் ரெண்டு மணி நேரமாவது கிடக்கட்டும். கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் சாஸ் உடனே ஓடிவந்து மூடக் கூடாது, அதுதான் பதம்.

மிச்சம்மீதி:
மேலே சொன்னதில் ஒன்று இடிக்கிறது. வேகவைக்காத ஷீட் சாஸிலிருந்துதான் தண்ணீரை இழுத்து வேகும். கறியும் கெட்டி, பெஷமலும் கெட்டி என்றால் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கும். கறி கெட்டியாகவே இருக்கட்டும், பெஷமலைத் தளர்த்துங்கள்: ஒரு லிட்டர் பாலுக்கு வெண்ணெய், மைதா தலா 70 கிராம் போதும், ஜாதிக்காய் துளி. ஷீட்டின் மூலை ஒன்றுகூட வெளியே தெரியாமல் சாஸ் பூசுங்கள். மேலே மொசரெல்லா சீஸ் போடுவதாக இருந்து, அது தண்ணீரில் மிதக்கிற வகை என்றால் துணியில் வைத்து நன்றாக ஒற்றி எடுத்துவிட்டுப் போடுங்கள்.

33-க்கு 23 செ.மீ. தட்டு எட்டுப் பேருக்குச் சரியாக வரும். அலுமினியத் தாளால் மூடி 180 டிகிரியில் அரை மணி, திறந்து இன்னொரு 15, 20 நிமிடம். தாள் தக்காளியில் படக் கூடாது, புளிப்பு அதை அரித்துவிடும். வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள், 20 நிமிடமாவது ஆறட்டும், பாதிப் பேர் லசானியா ஓடுகிறது என்று புலம்புவது இந்த அவசரத்தால்தான்.

முந்தின நாள் அடுக்குவது தாராளமாகச் செய்யலாம், ருசியும் கூடும். கண்ணாடித் தட்டோ பீங்கான் தட்டோ என்றால் ஃபிரிட்ஜிலிருந்து நேரே சூடான ஓவனுக்குள் தள்ளாதீர்கள், வெடிக்கலாம். ஜில்லென்று இருப்பதால் மூடி வைக்கும் நேரத்தைக் கால் மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

பசிமணி:
ரெண்டு பேருக்கும் நன்றி. சனி ராத்திரி அடுக்கி வைத்துவிடுகிறேன், பீங்கான் தட்டுதான். ஒயின் இல்லாமல் ஓடுமா? அப்புறம் வருகிறவர்களில் ஒருவருக்குச் செலரி என்றாலே ஆகாது.

கரண்டிக்காரன்:
ஒயினுக்குப் பதில் எலும்பு வேகவைத்த தண்ணீர், கூட ஒரு ஸ்பூன் வினிகர். செலரி ஆகாது என்றால் ஒவ்வாமையா, வெறும் பிடிக்காததா? ஒவ்வாமை என்றால் தொடவே வேண்டாம், அவருக்குக் கேரட் ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், செலரி ஒவ்வாதவர்களில் சிலருக்கு அதுவும் ஆகாது. பிடிக்காதது மட்டும்தான் என்றால் பொடியாக நறுக்குங்கள், ரெண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும், தட்டில் தேடினாலும் கிடைக்காது.