மூன்று விசைகள் சேர்ந்தால் ஒன்று விழுவதில்லை: ரிதம் கேமுக்கு எந்தக் கீபோர்டு வாங்கலாம்?

மாலைத்தூறல் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. ஓராண்டாக ஓசு (osu!) என்னும் தாள விளையாட்டின் மேனியா முறையை டி, எஃப், ஜே, கே ஆகிய நான்கு விசைகளில் விளையாடி வருகிறேன். என்னிடம் இருப்பது கணினியோடு வந்த சாதாரண மெம்பிரேன் கீபோர்டு. பாட்டின் வேகம் 140 பிபிஎம் (நிமிடத்துக்கு 140 தாளத் தட்டு) வரை இருந்தால் சிக்கல் இல்லை. அது 170, 180 என்று ஏறும்போது இரண்டு குறைகள் தெரிகின்றன. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடத்தில் பல நேரம் இரண்டுதான் பதிவாகின்றன. ஒரே விசையை அடுத்தடுத்துத் தட்ட வேண்டிய ஜாக் பகுதிகளில், விரல் தட்டியது எனக்கு நன்றாகத் தெரிந்தும் மிஸ் விழுகிறது. ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல் வாங்குவதா, இப்போது பலரும் பேசும் மேக்னெட்டிக் வாங்குவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. நண்பர் வீட்டில் நீல சுவிட்ச் கீபோர்டு ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். அதன் ‘டிக்’ ஓசை தாளம் பிடிக்கத் துணையாக இருக்கும் என்று தோன்றியது. அது சரிதானா?

பலகைப்பித்தன் எழுதியது:

உங்கள் இரண்டு குறைகளுக்கும் காரணங்கள் வேறு வேறு என்பதால், அவற்றைப் பிரித்துப் பாருங்கள்.

கீபோர்டுக்குள் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிக் கம்பி ஓடுவதில்லை. குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் தடங்கள் வெட்டிக்கொள்ளும் இடங்களில்தான் விசைகள் அமைந்திருக்கின்றன. அந்தக் கட்டத்தில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒருசேர அழுத்தினால், மின்னோட்டம் சுற்றுவழியில் பாய்ந்து, தொடாத நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகத் தெரியும். அந்தப் பொய்ப் பதிவைத் தடுக்கவே விலை குறைந்த பலகைகள் மூன்றாவது விசையை ஏற்காமல் விட்டுவிடுகின்றன. ஒவ்வொரு விசைக்கும், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றை வைத்த பலகையில் இந்தத் தொல்லை இல்லை. விளம்பரத்தில் ‘என்-கீ ரோல்ஓவர்’ என்று இருந்தால் எத்தனை விசைகளை ஒன்றாக அழுத்தினாலும் அனைத்தும் பதிவாகும் என்று பொருள். நான்கு விசை ஆட்டத்துக்கு ஆறு விசை வரை ஏற்கும் பலகையே போதும்.

பணம் செலவழிக்கும் முன் நோட்பேடைத் திறந்து, நான்கு விசைகளையும் ஒரே தட்டாகத் தட்டிப் பாருங்கள். மூன்று எழுத்துகளே விழுந்தால், எஸ், டி, கே, எல் என்று இடம் மாற்றிச் சோதியுங்கள். எந்தச் சேர்க்கை அடைபடும் என்பது பலகைக்குப் பலகை மாறும்; சில நேரம் ஒரு விசை தள்ளி வைத்தாலே குறை நீங்கிவிடும்.

இரவுத்தாளம் எழுதியது:

ஜாக் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் அதில் நான் நெடுநாள் அவதிப்பட்டேன். 180 பிபிஎம் பாட்டில் ஒரு தாளத் தட்டுக்கு இரண்டு முறை தட்டும் ஜாக் என்றால் ஒரு விரல் வினாடிக்கு 6 முறை தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஏறத்தாழ 167 மில்லி வினாடிதான். அதற்குள் விசை கீழே போவது மட்டுமல்ல, பதிவு நீங்கும் உயரம் வரை மேலே வந்தாகவும் வேண்டும். எல்லோரும் அழுத்தும் ஆழத்தையே பேசுகிறார்கள்; என் அனுபவத்தில் தட்டு தொலைவது பெரும்பாலும் விரலை எடுக்கும்போதுதான். மெம்பிரேனில் ரப்பர் குமிழை ஏறக்குறைய அடிவரை அமுக்க வேண்டியிருப்பதால் திரும்பி வரும் தூரமும் கூடுகிறது.

இதனால்தான் நீல சுவிட்ச் வேண்டாம் என்கிறேன். அதில் விசை பதிவாகும் இடத்தைவிடப் பதிவு நீங்கும் இடம் மேலே இருக்கிறது. விரலைக் கூடுதலாகத் தூக்காவிட்டால் இரண்டாவது தட்டு தட்டாகவே கணக்கில் வராது. ‘டிக்’ ஓசையும் உதவாது, ஏனெனில் காது பாட்டை விட்டுவிட்டு உங்கள் விரலையே கேட்கத் தொடங்கும். செர்ரி எம்எக்ஸ் சிவப்பு போன்ற, ‘டிக்’ இல்லாமல் சீராக இறங்கும் லீனியர் சுவிட்ச் 2 மி.மீ. ஆழத்தில் பதிவாகி, ஏறக்குறைய அதே இடத்தில் நீங்கிவிடும். தொடக்கத்துக்கு அது நல்ல தேர்வு.

மேக்னெட்டிக் பலகையில் உலோகத் தொடர்பே கிடையாது. விசைத்தண்டில் உள்ள காந்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை காந்தப்புலத்தை உணரும் ஹால் உணரி தொடர்ந்து அளக்கிறது. நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் பரவலாக்கிய ‘ரேப்பிட் டிரிகர்’ வசதியில், விசை எங்கே இருந்தாலும் 0.1 மி.மீ. மேலே எழுந்தாலே பதிவு நீங்கும்படி அமைக்கலாம். மீண்டும் அவ்வளவு இறங்கினால் அடுத்த தட்டு. ஆனால் முதல் நாளே 0.1 வைக்காதீர்கள். நான் அப்படி வைத்தபோது, நீளமான நோட்டை (விசையை அழுத்தியே வைத்திருக்க வேண்டிய குறியை) பிடித்திருந்த சுண்டுவிரல் சற்று நடுங்கியதற்கே நோட்டு பாதியில் அறுந்தது. 0.4 அளவில் தொடங்கி, கை பழகப் பழகக் குறைத்துக்கொண்டு வந்தேன்.

பழைய மெக்கானிக்கல் வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். உலோகத் தகடு தொடும்போது சில மில்லி வினாடி துள்ளும். பலகை அதைப் பொறுத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கும். சுவிட்ச் தேய்ந்து, துள்ளல் அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் ஒரு தட்டு இரண்டாகப் பதிவாகும்.

நேரக்கோடு எழுதியது:

மேலே சொன்னவற்றோடு ஓர் அளவையும் பாருங்கள். ஓசுவில் பாட்டு முடிந்ததும் கிடைக்கும் ‘அன்ஸ்டேபிள் ரேட்’ என்பது உங்கள் தட்டுகளின் நேரச் சிதறல். திட்ட விலக்கத்தை 10 ஆல் பெருக்கிய எண். 150 என்று வந்தால் சிதறல் 15 மில்லி வினாடி. எல்லாத் தட்டுகளும் ஒரே பக்கமாக முந்தியோ பிந்தியோ இருந்தால், அது கீபோர்டின் குறையாக இருக்க வாய்ப்பு குறைவு. பாட்டின் ஒலியையும் ஆட்டத்தின் நேரத்தையும் பொருத்தும் ஆஃப்செட் அமைப்பைத் திருத்துங்கள், புளூடூத் ஹெட்போனை விட்டுக் கம்பி உள்ளதற்கு மாறுங்கள். சிதறல் இரண்டு பக்கமும் அகலமாக இருந்தால் அது கையின் பழக்கம். பாட்டின் வேகத்தைக் குறைத்துப் பயிற்சி செய்ய வேண்டும்.

மாலைத்தூறல் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நோட்பேடில் சோதித்தபோது டி, எஃப், ஜே மூன்றையும் சேர்த்துத் தட்டினால் ‘ஜே’ வரவே இல்லை. எஸ், டி, கே, எல் என்று மாற்றியதும் நான்கும் விழுகின்றன. நேற்று இரவு பத்துப் பாட்டுகள் ஆடியதில் மூன்று விசைச் சேர்க்கை ஒன்றுகூடத் தவறவில்லை. ஜாக்கில் மட்டும் மிஸ் தொடர்கிறது. தட்டுகளும் நடுக்கோட்டின் இரு பக்கமும் சிதறியே இருக்கின்றன. ஆகவே ஒரு மாதம் 150 பிபிஎம் பாட்டுகளிலேயே பழகிவிட்டு, அதன் பிறகு சிவப்பு சுவிட்ச் கீபோர்டு வாங்குவதாக முடிவு செய்திருக்கிறேன்.