எல்லோரும் கை தூக்கும்போது ஒருவன் மட்டும் தூக்காமல் இருந்தால் போதுமா?

கேள்வி

ஒரு டிஸ்டோபியா நாவல், அதாவது கொடுங்கோல் எதிர்கால உலகத்தைப் பற்றிய நாவல், எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறாவது அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு மூன்று வாரம் ஆகிறது. காட்சி இதுதான்: பெரிய மண்டபம். மணி அடித்ததும் நானூறு பேரும் வலது கையைத் தூக்கி உறுதிமொழி சொல்ல வேண்டும். என் நாயகன் மட்டும் தூக்கவில்லை. எழுதும்போது எனக்கே சிலிர்த்தது. படித்த தோழி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "மற்ற 399 பேர் யார்?"

சாம்பல் நிற உடை போட்டிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கிற அரசை எதிர்த்து எழுத வந்துவிட்டு, நானும் அதையேதான் செய்திருக்கிறேன். இந்தக் கூட்டத்தை எப்படி எழுதுவது?

பதில் 1

முதலில் உங்கள் நாயகன் ஏன் கை தூக்கவில்லை என்று பாருங்கள். ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932) நாவலில் பெர்னார்ட் மார்க்ஸ் ஆரம்பத்தில் பெரிய கலகக்காரன் போலத்தான் தெரிகிறான். அந்த உலகத்தில் அரசே மனிதர்களைச் சாதிப்பிரிவுகளாக உருவாக்குகிறது. ஆள் குள்ளம், அவன் பிரிவுக்கு உரிய உடற்கட்டு இல்லை, எல்லோரும் ஒதுக்குகிறார்கள். அப்புறம் அந்த உலகத்துக்கு வெளியே வளர்ந்த ஜான் என்பவனை ஊருக்கு அழைத்து வந்ததும் அவனுக்கு மவுசு வந்துவிடுகிறது. விருந்து, பெண்கள், பெரிய மனிதர்களின் நட்பு. அதோடு அவன் மனக்குறையில் பாதி காணாமல் போகிறது! கடைசியில் தீவுக்கு அனுப்பப்போகிறோம் என்றதும் காலில் விழுந்து கெஞ்சுகிறான். அவன் நண்பன் ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கோ அந்த உலகத்தில் எந்தக் குறையும் கிடையாது, எல்லாமே கிடைத்திருக்கிறது. ஆனால் அவன்தான் எழுதுவதற்கு நல்லது என்று மோசமான வானிலை உள்ள தீவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறான்.

சேர்த்துக்கொள்ளாததால் விலகி நிற்பது வேறு, சேர்த்துக்கொண்டாலும் விலகுவது வேறு. உங்கள் ஆள் இதில் யார்?

பதில் 2

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். கை தூக்குகிறவனையே நாயகனாக்கிப் பாருங்களேன். ரஷ்ய எழுத்தாளர் ஜமியாதினின் 'நாங்கள்' அப்படிப்பட்ட நாவல். 1920, 21 வாக்கில் எழுதியது, 1924இல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வந்தது, ரஷ்யாவில் 1988 வரை அச்சாகவே இல்லை.

அதில் எல்லோருக்கும் பெயருக்குப் பதில் எண்தான். நாயகன் டி-503 அரசைப் புகழ்வதற்காகத்தான் குறிப்பேடு எழுத உட்காருகிறான். கண்ணாடி வீடு, எல்லோருக்கும் ஒரே நேர அட்டவணை, எல்லாமே அவனுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தினமும் எழுத எழுத, 'நாங்கள்' என்று தொடங்கியவன் தன்னையும் அறியாமல் 'நான்' என்று ஆகிவிடுகிறான். எனக்கு மறக்கவே முடியாத இடம் ஒன்று உண்டு: சிறுவயதில் வகுப்பில் மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தைச் சொல்லிக்கொடுத்தபோது, அதை என்னிடமிருந்து எடுத்துவிடுங்கள் என்று மேசையில் குத்தி அழுதவன் அவன். எந்தக் கணக்கிலும் அடங்காத ஒன்று அப்போதே அவனுக்குள் போய்விட்டது. உங்கள் 399 பேரில் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு வர்க்கமூலம் இருக்கும். நாலு பேருடையதை மட்டும் காட்டுங்கள், போதும்.

பதில் 3

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய கோடு பரிசோதனையைப் படியுங்கள். காட்டிய கோட்டுக்கு எந்தக் கோடு சம நீளம் என்று ஒருவரிடம் கேட்பார்கள், பார்த்தாலே தெரியும். ஆனால் அவரோடு கூட இருப்பவர்கள் எல்லோரும் முன்பே பேசிவைத்தபடி தவறான கோட்டைச் சொல்வார்கள். அந்தச் சுற்றுகளில் அப்படிச் சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு போயின. பிறகு கேட்டபோது, உங்கள் பரிசோதனையைக் கெடுக்க வேண்டாமே என்று நினைத்தேன் என்று சொன்னவரும் உண்டு. பாருங்கள், இது கோழைத்தனம்கூட இல்லை, மரியாதை!

இன்னொன்று. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், அப்படிப் பணிவது சுமார் கால் பங்காகக் குறைந்தது. உங்கள் நாயகனுக்கு வீரம் தேவைப்படும் அளவுக்குப் பக்கத்தில் ஓர் ஆளும் தேவை.

கேள்வி கேட்டவர்

நேற்று இரவு உட்கார்ந்து அந்தக் காட்சியைத் திரும்ப எழுதினேன். இப்போது அவனுக்கு இடப்பக்கம் ஒரு வயதான பெண் நிற்கிறாள். தோள்பட்டையில் வலி, கை காதுக்கு மேல் போகாது. இத்தனை வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கியிருக்கிறாள், கண்காணிப்பாளன் அவள் மகனோடு படித்தவன், அவனுக்குச் சங்கடம் தரக்கூடாது என்பதற்காக. இன்று கை பாதியிலேயே நின்றுவிடுகிறது. என் நாயகன் அதைப் பார்க்கிறான். தன் கையையும் அதே உயரத்தில் நிறுத்துகிறான்.

முன்வரிசையில் ஒருவன் திரும்பிப் பார்க்கிறான். அவன் யார் என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.