அம்மாட்ட சிஸ்டர் சொல்லிட்டாங்களோ?

செங்கோட்டை தம்பி:
அம்மாவுக்கு கர்ப்பப்பை வாய் கேன்சர், திருவனந்தபுரத்துல ஒரு ஆஸ்பத்திரில கரண்டு (ரேடியேஷன்) வைக்கிறோம். அம்மாட்ட கட்டி, கரைஞ்சிரும்னு மட்டும்தான் சொல்லி வச்சிருக்கோம். போன வாரம் ஸ்கேன்ல லிவருக்கும் போயிருச்சுன்னு டாக்டர் அண்ணன தனியா கூப்பிட்டு சொன்னார். நேத்து ராத்திரி அம்மா சிஸ்டர்ட்ட என்னமோ கேட்டிருக்கு, அவங்க மலையாளத்துல பேசி கையப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தாங்களாம், காலைலேர்ந்து அம்மா யார்ட்டயும் பேசல. போட்டு ஒடச்சிட்டாங்கனு கோவமா வருது, கம்ப்ளைன்ட் பண்ணலாமா?

வார்டு அக்கா:
அவசரப்படாத தம்பி, அந்த சிஸ்டர்ட்டயே மொதல்ல கேளு. ரிசல்ட்ட சொல்றது டாக்டர் வேலை, ஆனா கேள்வி வர்றது நர்ஸுங்க எங்ககிட்டதான், அதும் ராத்திரி 2 மணிக்கு. எனக்கு கேன்சரானு கேட்டா இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன், ஏம்மா அப்படி தோணுதுனு கேப்பேன், பாதிப் பேர் அவங்களே சொல்லிருவாங்க. கெட்ட சேதிய எப்படி சொல்றதுனு ஸ்பைக்ஸ்னு 2000ல வந்த ஆறு படி முறை இருக்கு, அதுலயே விஷயத்த சொல்றது நாலாவதுதான். அதுக்கு முன்னாடி தனியா உக்காரணும், என்ன தெரியும்னு கேக்கணும், எவ்வளவு தெரியணும்னு கேக்கணும். தனி ரூமுக்கு நாங்க எங்க போக, ஸ்க்ரீன இழுத்துட்டு ஸ்டூல போடுவோம்.

புளியரை மருமக:
பாஷையும் ஒரு காரணமா இருக்கும். எங்க அத்தைட்ட சிஸ்டர் "வேதன உண்டோ"னு கேட்டாங்க, மலையாளத்துல வேதனைன்னா ஒடம்பு வலி. அத்தை "வேதனை இல்லாமயா, ரெண்டு பொட்டப்புள்ள கல்யாணத்துக்கு நிக்குதே"னு அழுதாங்க, சிஸ்டர் ஓடிப் போய் வலி மாத்திரை கொண்டு வந்துட்டாங்க 😅

குற்றாலத்தான்:
ஆஸ்பத்திரி வாசல்ல கேன்சர்னு அவ்ளோ பெரிய போர்டு இருக்குமே, அம்மாவுக்கு தெரியாதுனு நெனக்கிறீங்களா?

செங்கோட்டை தம்பி:
கேட்டேன். சிஸ்டர் எதுவும் சொல்லல, "அம்மைக்கு எந்தா பேடி"னு (அம்மாவுக்கு என்ன பயம்னு) மட்டும் கேட்டிருக்காங்க. இங்கயே கிடந்து போயிருவேனோ, புளியரை செக்போஸ்ட் தாண்டி வீட்டுக்கு கொண்டு போவாங்களானு அம்மா அழுதிருக்கு. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல பாருங்க. திங்கக்கிழமை டாக்டர் அம்மாட்ட பேசும்போது தானும் பக்கத்துல நிக்கிறேன்னு சிஸ்டர் சொன்னாங்க, அண்ணன் இன்னும் ஒத்துக்கல.

வார்டு அக்கா:
அண்ணனையும் அன்னைக்கு கூட நிறுத்து. அம்மாட்ட எவ்வளவு தெரியணும்னு கேட்டுட்டு பேசச் சொல்லு, வேண்டாம்னா அதோட விட்டுரணும். வீட்டுக்கு கூட்டிட்டுப் போறதா இருந்தா இப்பவே கேட்டு வை, கேரளாவுல வீட்டுக்கு வர்ற பாலியேட்டிவ் (வலி, கஷ்டத்த கொறைக்கிற) சிஸ்டர்ங்க செக்போஸ்ட் தாண்டி வர மாட்டாங்க, நம்ம பக்கம் 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வருவாங்க, உங்க ஏரியா பிஎச்சில (ஆரம்ப சுகாதார நிலையத்துல) பேர் குடு. வலி மாத்திரை சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி ரெண்டும் மறக்காம வாங்கிரு.