கிராம்பு, பட்டை சென்ட்டை வெயிலில் அடிக்கலாமா?

ஏலவல்லி:
கிராம்பு, பட்டை, ஏலக்காய், வெனிலா கலந்த கதகதப்பான சென்ட் எனக்கு உயிர். அடித்ததும் ஏலக்காய் பளிச்சென்று ஏறும், சீக்கிரமே விலகிவிடும். அப்புறம் கிராம்பும் பட்டையும் வந்து உட்காரும். சாயங்காலம் சட்டைக் கழுத்தில் வெனிலாவும் சாம்பிராணியும் மட்டும் மிஞ்சும். அந்தக் கடைசிக் கட்டத்துக்காகத்தான் காசு கொடுக்கிறேன். இதைக் குளிர்காலத்துக்கு மட்டும் என்று ஏன் ஒதுக்குகிறார்கள்? நான் வருடம் முழுக்கப் போடுகிறேன்.

தாமு63:
பக்கத்தில் உட்காருபவர்களைக் கேட்டீர்களா? உடம்புச் சூடும் வெயிலும் சேர்ந்தால் சென்ட் வேகமாக ஆவியாகும். குளிரில் தோலோடு ஒட்டி மெதுவாக வரும் மணம், கோடையில் மொத்தமாகக் கிளம்பும். நீங்கள் அறைக்குள் நுழையும் முன்பே உங்கள் கிராம்பு நுழைந்துவிடும்.

ஏலவல்லி:
கிராம்பின் பூர்வீகமே நிலநடுக்கோட்டுப் பக்கம் உள்ள மலுக்குத் தீவுகள். அதற்கு வெயில் புதிதா? அளவோடு அடித்தால் போதும், சட்டைக்குள் ஒரே ஒரு தடவை.

தாமு63:
மரத்தில் விளைவது வேறு, லிஃப்டுக்குள் அடைபடுவது வேறு. அளவைத் தீர்மானிப்பது யார்? உங்கள் மூக்கா? அது கொஞ்ச நேரத்தில் பழகி, தகவல் சொல்வதையே நிறுத்திவிடும். "வாசனை போயே போச்சு" என்று இன்னொரு தடவை அடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத்தான் போச்சு, நமக்கு இல்லை.

கற்பூரம்:
சண்டைக்கு நடுவே ஒன்று. சென்ட் அட்டைப் பெட்டியில் யூஜினால், சின்னமால் என்றெல்லாம் மணப்பொருட்களின் பெயரைத் தனியாக அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். யூஜினால் கிராம்பின் முக்கியச் சரக்கு, பட்டையிலும் கொஞ்சம் உண்டு. தோலில் ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய 26 மணப்பொருட்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பெயர் போட்டாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் விதி கொண்டுவந்தது. 2023இல் அந்தப் பட்டியல் 80ஐத் தாண்டிவிட்டது. அரிப்பு வருகிறவர்கள் தோலில் படாமல் துணியில் அடிக்கலாம். ஆனால் வெள்ளைச் சட்டை வேண்டாம், வெனிலாவின் மணச்சரக்கான வெனிலின் நாள்பட்டால் பழுப்பாகும்.

நிலா_ராத்திரி:
எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வலி வரும் நாளில் பட்டை வாசனை மூக்கில் ஏறினால் அன்றைய வேலை அவ்வளவுதான். தாமு சார் பக்கம்தான் என் ஓட்டு.

ஏலவல்லி:
நிலா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் மல்லிகை சென்ட்டும் எலுமிச்சை சென்ட்டும்கூடச் சிலருக்குத் தலைவலி கொடுக்கும். குற்றவாளிக் கூண்டில் மசாலா மட்டும் நிற்பது ஏன்? 1925இல் ஷாலிமார் வந்தது, 1977இல் ஓப்பியம் வந்தது. இரண்டும் கனமான சென்ட்தான். இன்று வரை வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே!

தாமு63:
விற்பதாலேயே எல்லோருக்கும் பிடிக்கிறது என்று ஆகாதம்மா. ஓப்பியத்தைப் பிடித்தவர்கள் எவ்வளவு பேரோ, அது வரும் திசையைப் பார்த்தே ஓடியவர்களும் அவ்வளவு பேர் இருப்பார்கள். எலுமிச்சை சீக்கிரம் பறந்துவிடும், அதனால் மன்னிக்கலாம். வெனிலா, பிசின் எல்லாம் லேசில் ஆவியாகாது. நீங்கள் எழுந்து போன பிறகும் நாற்காலி மணக்கும்.

கற்பூரம்:
அதே பெயரில் ஓ டி டாய்லெட் வகை கிடைத்தால் அதை வாங்குங்கள் ஏலவல்லி. ஓ டி பர்ஃப்யூமைவிட அதில் மணச்சரக்கு பொதுவாகக் குறைவு.

ஏலவல்லி:
அதில் அடிமணம் மெலிந்துவிடுகிறது, எனக்குச் சரிப்படாது. ஒன்று செய்கிறேன். அடைத்த அறையில் கூட்டம் என்றால் அன்றைக்குப் போடவில்லை. திறந்த வெளியில் நடக்கப் போகும்போது யாரையும் கேட்கமாட்டேன்.

தாமு63:
திறந்த வெளி உங்களுடையது. காற்று என் பக்கம் வீசினால் மட்டும் மறுபடி வருவேன்.