படை – பாடை: இதற்கு என்ன பெயர்?

அன்புடையீர்,

திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். பட்ட வகுப்புக்குப் போர்க்கவிதை ஒப்பீட்டுக் குறிப்பு எழுதுகிறேன். ஒருபக்கம் கலிங்கத்துப்பரணி. மறுபக்கம், 1918 நவம்பரில் போர் ஓய ஒரு வாரம் இருக்கையில் மாண்ட ஆங்கிலக் கவிஞர் வில்பிரட் ஓவென். பரணியில் சிக்கலே இல்லை: 'எடுமெடு மெடுமென' அடுக்கு, அடியிறுதி ஒலி ஒத்துவரும் 'இகக்கவே – மிகைக்கவே' இயைபு. ஓவெனோ அடியிறுதியில் 'ஹால் – ஹெல்' (கூடம் – நரகம்) என்று வைக்கிறார். மெய்கள் நிற்க, உயிர் மட்டும் மாறுகிறது. 'படை – பாடை' என்று காட்டினேன். உடனே பிடித்துக்கொண்ட மாணவர்கள் பெயர் கேட்டார்கள். விழித்தேன்.
– கொழிஞ்சாம்பாறை

ஏன் விழிக்க வேண்டும்? 'மலர் – நிலா' வருக்க எதுகை (இரண்டாமெழுத்தில் மெய் ஒன்றே, உயிர் வேறு) அல்லவா? அடியிறுதியில் வந்தால் 'வருக்க இயைபு' என்று போடுங்கள்.
– பொள்ளாச்சி

வருக்கம் வடசொல். 'இனம்' என்றால் இன எதுகை (வல்லினம், மெல்லினம் என ஓரின எழுத்துகள் வருவது) குறுக்கே நிற்கும். 'மெய்யியைபு' என்க. இடையில் ஒன்று: மோனை 'முகனை'யிலிருந்து (முன்பக்கம்) வந்தது என்பார்கள். அப்படியானால் எதுகை 'எதிர்கை'யாகத்தான் இருக்க வேண்டும். கை என்பதற்குப் படையின் பக்கம் என்றும் பொருளுண்டு. ஆக, எதுகையே போர்க்களத்துச் சொல்!
– நாகர்கோவில்

'மெய்யியைபு' என்றால் உண்மையான இயைபு என்றல்லவா பிள்ளைகள் எழுதிவைப்பார்கள்? எங்கள் பக்கம் மலையாள வகுப்பில் 'பிராசம்' படித்தே வருகிறார்கள். அவர்களது துவிதீயாட்சரப் பிராசம், அதாவது அடிதோறும் இரண்டாமெழுத்து ஒத்துவருவது, நம் எதுகைதான். அது கட்டாயமா என்று மலையாளக் கவிஞர் கேரளவர்மாவும் அவர் மருமான் இராசராசவர்மாவும் எதிரெதிர் அணியில் நின்றார்கள். நம் சண்டை எம்மாத்திரம்!
– வேலந்தாவளம்

அனைவருக்கும் நன்றி. ஒரு நெருடல் மட்டும். 'படை – பாடை'யில் முதலெழுத்து வருக்க மோனை, கடையெழுத்து இயைபு. இரண்டும் ஒரே சொல்லில் விழுகின்றன. எதுகை என்று கொள்ளவும் வழியில்லை: முதலெழுத்துகள் குறிலும் நெடிலுமாக அளவு மாறுகின்றன. நம் காதுக்கு அது தவறிய எதுகை. ஓவெனுக்கு வேண்டியதும் அந்தத் தவறல்தான். ஒலி கூடிவருவதுபோல் வந்து கூடாமல் போகிறது. ஆகவே 'பிறழியைபு' என்பது என் ஆசை.
– கொழிஞ்சாம்பாறை

பிறழியைபு என்றால் கவிஞர் பிழை செய்தார் என்றாகிவிடும். வருக்க இயைபே போதும், ஐயா. மணி பதினொன்று.
– பொள்ளாச்சி

எனக்கும் அதுவே. தூக்கம் வருகிறது.
– வேலந்தாவளம்

'வருக்க இயைபு' என்றே நகலெடுக்கக் கொடுத்துவிட்டேன். பிறழியைபைக் கரும்பலகையில் எழுதிக்கொள்கிறேன்.
– கொழிஞ்சாம்பாறை

வடசொல்லை அச்சிட்டீர்கள், சரி. எதிர்கை பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?
– நாகர்கோவில்