பில் கேட்ஸ் மேசை: "டொஸ்ஸைக் கண்டுபிடித்தவர்" என்று எழுதலாமா?

உப்புவெளி டீச்சர்:
திருகோணமலையில் எங்கட பாடசாலைக் கண்காட்சியில் பில் கேட்ஸுக்கு ஒரு மேசை. மூன்று அட்டை, ஒரு செய்துகாட்டல், பேச 8 நிமிடம். பதினோராம் தரப் பிள்ளைகள் எழுதிய வரைவு இது:

"1955இல் சியாட்டிலில் பிறந்தார். ஹார்வர்டை விட்டு விலகி ஒரு கராஜில் மைக்ரோசொப்ட்டைத் தொடங்கினார். டொஸ்ஸைக் கண்டுபிடித்துப் பெரும் பணக்காரர் ஆனார். பிறகு சொத்தை எல்லாம் தானம் செய்தார்."

எது பிழை? எதைச் செய்துகாட்டலாம்? கரண்ட் போனாலும் நின்றுவிடாத ஒன்று என்றால் இன்னும் நல்லது.

கொட்டியாரக்கரை:
பிறப்பும் ஹார்வர்டும் சரி டீச்சர். கராஜ் கதை வேறு ஆட்களுடையது, வெட்டிவிடுங்கோ. 1975 ஏப்ரலில் அவரும் போல் அலனும் மைக்ரோசொப்ட்டைத் தொடங்கியது நியூ மெக்சிகோவின் அல்புகேர்க்கியில். அல்டேர் 8800 கணினியைச் செய்த எம்ஐடிஎஸ் கம்பனி அந்த ஊரில் இருந்ததுதான் காரணம்.

டொஸ் வசனம் முழுப் பிழை. டொஸ் என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். அதை எழுதியவர் சியாட்டில் கம்ப்யூட்டர் புரொடக்ட்ஸில் இருந்த ரிம் பட்டர்சன்; அப்போது அதன் பெயர் 86-டொஸ். மைக்ரோசொப்ட் 1980 டிசம்பரில் 25,000 டொலருக்கு அனுமதி எடுத்தது. 1981 ஜூலையில் இன்னும் 50,000 கொடுத்து உரிமையை வாங்கியது. அடுத்த மாதம் 12ஆம் திகதி, அந்த டொஸ்ஸோடு ஓடும் ஐபிஎம் கம்பனியின் பிசி கணினி சந்தைக்கு வந்தது. விற்ற கம்பனி பின்னால் வழக்குப் போட, 1986இல் 925,000 டொலருக்குச் சமாதானம்.

ஆனால் வாங்கி விற்றதால் மட்டும் பணம் வரவில்லை. ஐபிஎம்மிடம் வாங்கியது மொத்தமாக ஒரு தொகை. விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் பங்கு இல்லை. அதற்குப் பதிலாக, அதே டொஸ்ஸை மற்றவர்களுக்கும் விற்கும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். ஐபிஎம்மைப் போலவே ஓடும் கணினிகளை வேறு கம்பனிகள் செய்யத் தொடங்கியதும் அவர்கள் எல்லாரும் மைக்ரோசொப்ட்டிடம்தான் வரவேண்டியதாயிற்று.

இதை அவர் சூடுபட்டுத்தான் படித்தார். 1975இல் அல்டேருக்கு எழுதிய பேசிக் என்ற நிரல்மொழியை எம்ஐடிஎஸ்ஸுக்குத் தனியுரிமையாகவே எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிறகு வேறு கம்பனிகளுக்கு விற்க முடியாமல் தகராறாகி, 1977இல் நடுவர் தீர்ப்புச் சாதகமாக வரும்வரை இழுபட்டது. அட்டைக்கு ஒரே வரி போதும்: "மென்பொருளை விற்கவில்லை, பாவிக்கும் அனுமதியை விற்றார்."

நிலாவெளி 64:
அந்த அட்டைக்கு மேல் இன்னொரு வரி இல்லாவிட்டால் அது புகழ்மாலை. செய்யும் ஒவ்வொரு கணினிக்கும், டொஸ் போட்டாலும் போடாவிட்டாலும், காசு கட்டவேண்டும் என்ற வகை ஒப்பந்தங்களும் இருந்தன. 1994இல் அமெரிக்க நீதித் திணைக்களத்துடன் உடன்பாட்டுக்கு வந்துதான் அவை நின்றன. 1998 மே மாதம் ஏகபோக வழக்கு. 2000 ஜூனில் கம்பனியை இரண்டாக உடைக்கச் சொல்லித் தீர்ப்பு. 2001இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் உடைப்பதை நீக்கியது. ஏகபோகத்தைத் தவறாகக் காத்தார்கள் என்ற முடிவை நீக்கவில்லை.

கோணமலை எட்டு பிட்:
செய்துகாட்ட அல்டேரையே எடுங்கோ. உலாவியில் ஓடும் எமுலேட்டர்கள் (பழைய கணினியைப் போலவே நடக்கும் நிரல்கள்) உண்டு. பற்றரி உள்ள மடிக்கணினியில் முதல் நாளே திறந்து வைத்தால் கரண்ட் பயமில்லை, ஆனால் இணையம் இல்லாமலும் ஓடுகிறதா என்று ஒருமுறை பார்க்கவேண்டும்.

4கே பேசிக் ஏறியதும் "மெமரி சைஸ்?" என்று கேட்கும், வெறும் என்டர். "டேர்மினல் விட்த்?", அதற்கும் என்டர். "வோன்ட் சைன்?" என்றால் Y என்ற எழுத்து. பிறகு பிரின்ட் 2+2 என்று அடித்தால் 4 வரும். அல்புகேர்க்கியில் அலன் முதன்முதல் ஓட்டிக்காட்டிய கணக்கும் அதுதான். கேப்ஸ் லொக்கைப் போட்டுவிடுங்கோ. சிறிய எழுத்தில் அடித்துவிட்டு "பிழை காட்டுது மிஸ்" என்றுதான் பிள்ளைகள் நிற்பார்கள்.

பார்க்கிறவர்களுக்கு உறைக்க ஒரு கணக்கு: பேசிக் வந்தது துளையிட்ட கடதாசி நாடாவில். அதை வாசித்த டெலிடைப் (தட்டச்சுப் பொறி போன்ற கருவி) வாசிப்பது செக்கனுக்கு 10 எழுத்து. 4கே என்றால் 4,096 பைட், பைட்டுக்கு ஒரு எழுத்து; அதை 10ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7 நிமிடம். அதற்கு முன் நாடாவை வாசிக்கச் சொல்லும் குட்டி நிரலை முன்பக்க ஆளிகளால் பைட் பைட்டாக ஏற்றவேண்டும். ஒரு ஆளி மாறினாலும் நாடா ஓடும், உள்ளே ஒன்றும் இராது. உங்கட பேச்சு நேரமே 8 நிமிடம், ஒப்பிட்டுச் சொல்லுங்கோ.

சாம்பல்தீவு:
கடைசி வசனம் "செய்தார்" இல்லை, "செய்கிறார்". கேட்ஸ் அறக்கட்டளை 2000இல் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. 2025 மே 8ஆம் திகதி அறிவித்தது: 20 ஆண்டில் 200 பில்லியன் டொலர் வரை செலவழித்து, 2045 டிசம்பர் 31 உடன் அறக்கட்டளையை மூடுவது.

தடுப்பூசிக் கூட்டமைப்பான காவிக்கு அறக்கட்டளை முதலில் கொடுத்த வாக்கு 750 மில்லியன் டொலர். இலங்கைக்கு 2008இல் ஐந்து நோய்த் தடுப்பூசி வந்ததும் காவி உதவியோடுதான். இங்கத்தைப் பிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதத்தில் போடுவது அதுதான்.

அந்த ஊசி 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். வெயிலை எல்லாரும் நினைப்பார்கள், உறைவதை மறந்துவிடுவார்கள். அதில் அலுமினிய உப்பு இருக்கிறது. உறைந்தால் துகள்கள் கட்டிபட்டு மருந்து பழுதாகும், திரும்ப உருகினாலும் சரிவராது.

இதைக் கரண்டில்லாமல் காட்டலாம். இரண்டு சிறிய ரெஜிபோம் பெட்டி. ஒன்றில் பிரீசரிலிருந்து எடுத்த ஐஸ்பொதியை அப்படியே வையுங்கோ. மற்றதில், வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் அளவுக்கு உருகிய பொதியை. இரண்டிலும் சிறு தண்ணீர்க் குப்பியைப் பொதியோடு ஒட்டவைத்து, 15 நிமிடத்துக்கொருக்கால் வெப்பநிலையைக் குறியுங்கோ. முதல் குப்பி 0ஐ நோக்கி விழும், உறையவும் கூடும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது, 35 பாகைக்குக் கீழே அது காட்டாது.

உப்புவெளி டீச்சர்:
நல்லது, பெட்டிச் சோதனையை எடுக்கிறோம், அல்டேர் பக்கத்தில் மடிக்கணினியில். பொதிக்குப் பதிலாக மீன்வாடி ஐஸ் பாவிக்கலாமா?

சாம்பல்தீவு:
உப்புப் போட்ட ஐஸ் என்றால் வேண்டாம், அது 0க்குக் கீழே போகும், இரண்டு பெட்டியும் ஒரே மாதிரிக் காட்டும். ரெஜிபோம் பெட்டியை அங்கேயே வாங்கலாம், ஆனால் சவர்க்காரம் போட்டுக் கழுவி முதல்நாள் வெயிலில் காயவையுங்கோ.