வழிகாட்டியிடம் என்ன கேட்டீர்கள், என்ன கிடைத்தது?

மென்பொருள் துறை, வழிகாட்டி

கடைசி ஆண்டு மாணவர்களுக்கும், படிப்பு முடித்து வேலை தேடுகிறவர்களுக்கும் சில வருடங்களாக வழிகாட்டியாக இருக்கிறேன். எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். சந்திப்பு உருப்படுமா என்பது பெரும்பாலும் வருகிறவர் என்ன கேட்கிறார் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

"சார், என் கேரியருக்கு ஒரு வழி சொல்லுங்க" என்று ஒரு பையன் வந்தான். கெட்டிக்காரன், மதிப்பெண்ணும் நன்றாகவே வைத்திருந்தான். நானும் வெகுநேரம் பேசினேன். பேசியதெல்லாம் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லக்கூடியவை: உழைக்கணும், புதுசாகக் கற்றுக்கொள்ளணும். தலையாட்டிவிட்டுப் போனான். அவன் எதை எடுத்துக்கொண்டு போனான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்னொரு மாணவி, தனக்குப் பிடித்த மூன்று வேலை விளம்பரங்களை அச்செடுத்து வந்தாள். தெரிந்ததற்குப் பச்சைக் கோடு, தெரியாததற்குச் சிவப்பு. டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்க எழுதும் மொழியான எஸ்க்யூஎல் மூன்றிலும் சிவப்பு. "இதை எவ்வளவு ஆழமாத் தெரிஞ்சிருக்கணும், சார்?" என்றாள். இதற்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடிந்தது. அதில் அடிக்கடி வரும் ஜாயின், குரூப் பை, சப்கொயரி மூன்றும் யோசிக்காமல் எழுத வந்தால் புதியவர்களுக்கான நேர்காணலுக்குப் பெரும்பாலும் போதும். பெரிய டேட்டாபேஸை வேகப்படுத்தும் வித்தையெல்லாம் வேலையில் சேர்ந்தபின் பழகிக்கொள்ளலாம். மூன்றாவது விளம்பரத்தில் ஐந்தாண்டு அனுபவம் கேட்டிருந்தார்கள், அதை ஓரமாக வைக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். சரியாக வராமல் போனவையும் வரட்டும்.

புள்ளியியல் பட்டதாரி

என் வழிகாட்டி மேடம் என் ரெஸ்யூமைப் படிக்கவே இல்லை. பிடிஎஃப்பைத் திறந்து, மொத்தத்தையும் காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டச் சொன்னார். பக்கத்தை அருகருகே இரண்டு பத்தியாகப் பிரித்து, ஐகான் எல்லாம் வைத்து அழகாகச் செய்திருந்தேன். நோட்பேடில் பார்த்தால் படிப்பும் புராஜெக்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கிறது. தொலைபேசி எண்ணைக் காணவே காணோம், அது படமாக இருந்ததாம். "நிறைய கம்பெனிகளில் விண்ணப்பத்தை முதலில் ஒரு மென்பொருள்தான் பிரித்தெடுக்கிறது. அதன் கண்ணுக்கு இப்படித்தான் தெரியலாம்" என்றார். அன்றைக்கே மேலிருந்து கீழாக ஒரே வரிசையாக மாற்றினேன்.

அப்புறம் புராஜெக்ட். நாலு பேர் சேர்ந்து செய்ததை விவரித்துக்கொண்டிருந்தேன். இடைமறித்து, "இதில் உன் கையால் நடந்தது எது?" என்றார். தரவைச் சுத்தம் செய்தது நான்தான், ஆனால் அதைப் பெரிய வேலையாக நான் நினைத்ததில்லை. எதிர்கொண்ட நிலைமை, உன் பொறுப்பு, நீ செய்தது, கிடைத்த பலன் என்ற வரிசையில் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பழக்கினார். ஸ்டார் முறை என்பார்களே, அதுதான். நேர்காணலில் நான் திணறாமல் பேசிய ஒரே இடமும் அதுதான்.

இயந்திரவியல் பொறியாளர்

எனக்கு அமைந்தவர் அவருடைய கதையை மட்டும் சொன்னார். அவர் காலத்தில் ரெஸ்யூமை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாராம், மேலாளர் அங்கேயே சேர்த்துக்கொண்டாராம். நல்ல மனிதர், கேட்க சுவையாகவும் இருந்தது. இன்று அந்த வாசலில் காவலாளி இணையதள முகவரியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடமே ஆனவர்களிடம் பேசியது எனக்கு அதிகம் உதவியது. பல வருடம் ஆனவர்களுக்கு வேறு பயன் உண்டு: எந்தத் துறையில் எதை விட்டால் பிறகு வருத்தப்படுவோம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் தலைமுறைப் பட்டதாரி

எங்கள் வீட்டில் அலுவலக வேலைக்குப் போன முதல் ஆள் நான். திறமையை வளர்ப்பது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வேலைக் கடிதத்தை எப்படிப் படிப்பது என்று எனக்குச் சொன்னவர் ஒருவர்தான், கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் முந்திய அக்கா. மொத்தச் சம்பளம் என்று போட்டிருப்பதில் கையில் வருவது எவ்வளவு, செயல்பாட்டைப் பொறுத்துத் தரும் தொகையையும் அதில் சேர்த்துக் காட்டியிருக்கிறார்களா, தகுதிகாண் காலம் எத்தனை மாதம், விலகினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பென்சிலால் குறித்துக் காட்டினார். "புரியாததை எச்ஆரிடம் மெயிலில் கேளு, பதிலும் மெயிலிலேயே வரட்டும்" என்றார். கேட்டால் வேலையைப் பறித்துவிடுவார்களோ என்று பயந்தேன். மறுநாளே பொறுமையாகப் பதில் வந்தது.

சமூகவியல் ஆய்வாளர்

மேலே வந்த அக்காவைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்த்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6 சதவீதம், அபூர்வமாகப் பார்த்தவர்கள் 27.8. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும்; தூரத்து ஆள்தான் புதுச் செய்தி கொண்டுவருவார் என்பது அவர் விளக்கம். சிறிய ஆய்வு, அதுவும் பழையது. ஆனால் லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தின் பயனர்கள் 2 கோடிப் பேருக்கு மேல் வைத்துச் செய்து, 2022இல் வெளியான சோதனையும் ஏறக்குறைய இதே பக்கம்தான் சாய்ந்தது. ஒரு திருத்தத்தோடு: மிகமிகக் குறைந்த தொடர்பே உள்ளவர்களை விட, ஓரளவு அறிமுகமானவர்களே அதிகம் உதவினார்கள்.

எனக்கும் அப்படித்தான். உயிர்த் தோழிகள் கூடவே புலம்பினார்கள். ஆய்வகத்தில் எப்போதாவது பேசிய சீனியர்தான் காலியிடம் இருப்பதைச் சொன்னார்.

மனிதவளத் துறை

ஒரே ஒரு எச்சரிக்கை. பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவது வேறு. "பணம் கட்டு, வேலை உறுதி" என்று வழிகாட்டி வேடத்தில் வருகிறவர்களிடம் ஒரு காசு கூடக் கொடுக்காதீர்கள். என்னிடம் போலி வேலைக் கடிதத்தோடு வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டு மாணவன்

எல்லாம் சரி, முன்பின் தெரியாத சீனியருக்கு முதலில் என்ன எழுதுவது? "ஹாய் அண்ணா" என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மென்பொருள் துறை, வழிகாட்டி

அதோடு நிறுத்தினால் பதில் வராது, தம்பி. நான் உடனே பதில் போட்ட ஒரு செய்தி ஏறக்குறைய இப்படி இருந்தது: "வணக்கம். உங்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நீங்கள் டெஸ்டிங்கில் தொடங்கி டெவலப்மென்டுக்கு மாறியதைப் பார்த்தேன். எனக்கு டெஸ்டிங்கில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. அதில் சேர்ந்தால் பிறகு மாறுவது கடினமா? பத்து நிமிடம் பேச முடியுமா, அல்லது இங்கேயே இரண்டு வரி எழுதினாலும் போதும்." அந்தக் கடைசி வரி இருந்ததால்தான் பேருந்தில் நின்றுகொண்டே பதில் எழுத முடிந்தது. ஒரு வாரம் பதில் வரவில்லையென்றால் ஒருமுறை நினைவூட்டு, பிறகு வேறொருவருக்கு எழுது. வேலை கேட்டு எழுதாதே. சொன்னபடி செய்து பார்த்தாயானால், என்ன ஆயிற்று என்று ஒரு வரி திருப்பி எழுது; அப்படி எழுதுகிறவர்கள் ரொம்பக் குறைவு.